பாய்லருக்கு வைத்த பொட்டு

“எல்லா மெஷினுக்கும் நீங்களேதான் பொட்டு வெப்பீங்களா மேடம்?” என்று அந்தப் பெண் சாதாரணமாகத்தான் கேட்டாள். சம்பூரணமும் சாதாரணமாகத்தான், சொல்லப்போனால் கொஞ்சம் பெருமையோடுகூட, “ஆமாங் மேடம், ஆயுத பூஜைன்னா ஒண்ணு விடாம நானேதானுங்க வெப்பன், வேற ஆரையும் தட்டத்தைத் தொட உடமாட்டனுங்க” என்று சொன்னாள். சொல்லி வாய் மூடவில்லை, அப்போதுதான் உறைத்தது. ஒன்று விடாமல். சாய மெஷின்களுக்கு, துணி பிழிகிற மெஷினுக்கு, எடை மேடைக்கு, ஜெனரேட்டருக்கு, லாரிக்கு, வாசல் கேட்டுக்கு, சித்திரையில் வாங்கி வைத்த புது பாய்லருக்கு. அப்புறம் தட்டத்தோடு பின்பக்கம் போனாளே. போய், ஷட்டரைத் தூக்கி, அந்தப் பழைய நிலக்கரி பாய்லரின் அடுப்புக் கதவில் உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனம் அப்பி, நடுவில் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டிக் கும்பிட்டுவிட்டு வந்தாளே. அணைத்தாயிற்று, இனி மூட்ட மாட்டோம், எங்கள் சாயப்பட்டறையில் கரியே கிடையாது என்று வெளிநாட்டுக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்திருக்கிற பாய்லர். அது நிஜமாகவே அணைந்திருக்கிறதா என்று பார்க்கத்தான் இந்தப் பெண்ணை அனுப்பியிருக்கிறார்கள். இன்னும் சித்தெ நேரத்தில் அவள் அங்கே போய் நிற்பாள். செத்த பாய்லருக்கு எந்த மடச்சி இந்த வருஷத்துப் பொட்டு வைப்பாள்?

வெள்ளைக்காரன் வந்திருந்தால் பரவாயில்லை. அவனுக்கு எல்லாப் பொட்டும் ஒன்றுதான், அழகாக இருக்கிறது என்று போட்டோ எடுத்துக்கொண்டு போவான். அனுப்பியிருப்பதோ அருப்புக்கோட்டைக்காரியை. கௌசிகாவாம் பேர். வந்து உட்கார்ந்ததுமே சொல்லிவிட்டாள், எங்க ஊரு அருப்புக்கோட்டை மேடம், எங்க வீட்லயும் தறிதான் என்று. அதைக் கேட்டபோது சம்பூரணத்துக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது, நம்ம மாதிரி தொழில்காரர் வீட்டுப் பெண், நாலு வார்த்தை பேசித் தாட்டி விட்டுவிடலாம் என்று. இப்போது அதே விஷயம் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. தறிக்காரன் மகளுக்கு ஆயுத பூஜை தெரியாதா? எந்த மெஷினுக்குப் பொட்டு, எதற்கு இல்லை என்று தெரியாதா? கேட்டாளே, கேட்கும்போதே தெரிந்து கேட்டாளோ, இல்லை, இல்லை, சாதாரணமாகத்தான் கேட்டாள், முகத்தில் ஒன்றும் இல்லை, கையில் ஸ்லேட்டுப் பலகை மாதிரி அந்தக் கருவியை வைத்துக்கொண்டு தட்டிக்கொண்டே வருகிறாள். என்னத்தைத் தட்டுகிறாள் இப்படி. ஒரு டீ குடிக்கவில்லை. எலுமிச்சை ஜூஸ் கொண்டு வரச் சொன்னால் வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு, தன் பையிலிருந்து இரும்புப் பாட்டிலை எடுத்துக் குடிக்கிறாள், எங்கள் தண்ணீரில் விஷமா கலந்திருக்கிறது? கோயமுத்தூரிலிருந்து ஏசி காரில் வந்து இறங்கிவிட்டு எத்தனை யூனிட் கரண்ட் செலவு பண்ணுகிறீர்கள் என்று எங்களைக் கேட்பாள். அந்தக் கார் தண்ணீரிலா ஓடியது?

“மேடம், ஒரு கிலோ துணிக்கு எவ்வளவு ஸ்டீம் ஆகுதுன்னு தனியா கணக்கு வெச்சிருக்கீங்களா?” என்றாள் கௌசிகா. “மேனேஜர் தருவாருங்க” என்று சொல்லிவிட்டு சம்பூரணம் நடந்தாள். மேனேஜர் தினகரன் இவர்களுக்குப் பின்னால் கைகட்டிக்கொண்டு வந்தான். இவன் ஒருத்தன். எல்லாம் ரெடிங்கக்கா, ரெடிங்கக்கா என்று காலையிலிருந்து கிளிப்பிள்ளை மாதிரி. ரெடிதான். கரிக் குவியலை லாரியில் அள்ளித் தோட்டத்துக்குக் கொண்டுபோய்த் தென்னை ஓலை போட்டு மூடியாயிற்று. தரையை மூன்று தரம் கழுவியாயிற்று. நீராவிக் குழாயைக் கழற்றி வாயில் தகடு வைத்து போல்ட் முடுக்கியாயிற்று. ‘பயன்பாட்டில் இல்லை’ என்று புது போர்டு, அதில் புது பெயின்ட் வாசம் தெரியக்கூடாதென்று மண்ணைப் பூசித் தேய்த்து அதைக்கூடப் பழசாக்கித் தொங்கவிட்டிருக்கிறான், அந்த அளவுக்குப் புத்திசாலி. போர்டுக்கு மண் பூசினவனுக்கு, போர்டுக்கு நேர் கீழே கதவில் மஞ்சளும் சிவப்புமாக ஒரு பொட்டு முழித்துக்கொண்டிருந்தது கண்ணில் படவில்லை. எப்படிப் படும்? பூஜை முடிந்த பட்டறையில் பொட்டு எவன் கண்ணுக்குத் தெரியும், சுவரில் சுண்ணாம்பு இருக்கிற மாதிரிதான் அதுவும். வைத்தவளுக்கே தெரியவில்லையே. முந்தாநாள் தானே போய் நின்று பார்த்துவிட்டு வந்தாள், எல்லாம் சரியாக இருக்கிறது என்று தலையை ஆட்டிவிட்டு வந்தாள். ஆட்டின தலையில் என்ன இருந்தது?

இப்போது தினகரனைத் தனியாகக் கூப்பிட்டு ஓடிப்போய் அழித்துவிட்டு வாடா என்று சொல்ல வழியில்லை. அவன் கண்ணைப் பார்த்து ஜாடை காட்டினால் அவன் “என்னங்கக்கா?” என்று சத்தமாகக் கேட்பான், அப்படிப்பட்ட ஜென்மம். ஷட்டர் சாவியும் சம்பூரணத்தின் இடுப்பில் இருக்கிறது. நேற்று இவள்தான் பிடுங்கி வைத்துக்கொண்டாள், எவனையும் நம்ப முடியாது என்று. வீட்டுக்காரர் இருந்திருந்தால் இந்தப் பெண்ணோடு அவரை நடக்கவிட்டுத் தான் பின்பக்கமாகப் போயிருக்கலாம். அவர் எங்கே? கிட்டுசாமி முதலாளி காலையிலேயே நெஞ்சு படபடவென்று வருதம்மிணி, நீயே பாத்துக்க, எனக்குப் பொய் சொல்ல வராது என்று காரை எடுத்துக்கொண்டு சிவன்மலைக் கோயிலுக்குப் போய்விட்டார். பொய் சொல்ல வராதாம். கரியே கிடையாது என்று எழுதிக் கொடுத்த கடிதத்தில் கையெழுத்துப் போட்டது யார், பக்கத்து வீட்டுக்காரனா? பொய்யைக் கையால் எழுதலாம், வாயால் சொல்லத்தான் சம்பூரணம் வேண்டும். முப்பது வருஷமாக இதுதான். வரி ஆபீசர் வந்தால் அவள், கரண்டு ஆபீசர் வந்தால் அவள், சாயத்தண்ணீர் பார்க்க வந்தவர்கள் முன்னால் அவள். அவர் கோயிலில் இருப்பார், ஆஸ்பத்திரியில் இருப்பார், துக்கத்துக்குப் போயிருப்பார்.

சாய மெஷின்களின் வரிசை முடிகிற இடத்தில் நீராவி வேர்த்து வழிந்தது. ஒடிசாப் பையன்கள் வெறும் பனியனோடு ஈரத்துணியை இழுத்துக்கொண்டிருந்தார்கள். கௌசிகா நின்று அவர்களைப் பார்த்தாள், கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தாள். வேர்க்குதா? நன்றாக வேர்க்கட்டும். இந்தச் சூட்டில் நின்று விறகு அடுப்பில் அண்டாவை ஏற்றி, கம்பால் துணியைக் கிண்டிக் கிண்டித்தான் சம்பூரணம் இந்த இடத்தைக் கட்டினாள், கல்யாணமான புதிதில் அவளுடைய நகக்கண்ணில் நீலம் போகவே போகாது, விருந்துக்குப் போன வீட்டில் சோறு பிசையும்போது எல்லாரும் கையையே பார்ப்பார்கள், பந்தியில் ஒருத்தி தள்ளி உட்கார்ந்தாள். அப்போது எந்த நாட்டுக்காரனும் வந்து உனக்கு என்ன அடுப்பு, எவ்வளவு புகை என்று கேட்கவில்லை. ஆர்டர் கொடுத்தானே அந்தப் பெரிய கம்பெனிக்காரன், முதல் தடவை வந்தபோது அந்த நிலக்கரி பாய்லரைக் காட்டித்தானே அவனிடம் ஆர்டர் வாங்கினோம். பெரிய பாய்லர் இருக்கிறது, ராத்திரி பகல் ஓட்டுவோம், சொன்ன தேதிக்கு ஏற்றுவோம் என்று சொன்னதும் கைகொடுத்தான். அன்றைக்கு அது வளர்ச்சி. இன்றைக்கு அதே பாய்லர் பாவம். போன மாசி மாதம் அவனுடைய பெரிய அதிகாரி வந்து, இட்லி சாப்பிட்டுவிட்டு, நம் எல்லாருக்கும் ஒரே பூமி என்று உருக்கமாகப் பேசினான், மொழிபெயர்த்த பையனுக்கே கண் கலங்கியது. சாயங்காலம் அதே வாயால் விலையைக் குறை என்றான். புகையையும் குறை, விலையையும் குறை. அவன் ஊரில் சைக்கிளில்தான் ஆபீஸ் போவானாம். இங்கே வர எதில் வந்தான், சைக்கிளிலா? அவனுடைய தாத்தனும் முப்பாட்டனும் கரியை எரித்துக் கோட்டை கட்டினார்கள், கப்பல் விட்டார்கள், நம்மை வந்து பிடித்தார்கள். எல்லாம் தின்று முடித்து ஏப்பம் விட்டுவிட்டு, இப்போதுதான் இலையில் உட்காருகிறவனைப் பார்த்து எண்ணெய்ப் பலகாரம் உடம்புக்கு ஆகாது என்கிறான். இவர்கள் சாயம் போட்டுக் கொடுக்கிற பனியனை நாலு சலவை போட்டுவிட்டுக் குப்பையில் எறிகிறவன். அதைக் கேட்க ஒரு பெண் ஏசி காரில் போய் இறங்குகிறாளா அங்கே?

இந்தப் பேச்சையெல்லாம் அவள் மனதுக்குள் அடுக்கி வைத்திருந்தாள். எதற்காவது மாட்டினால் இப்படிச் சொல்லலாம், அப்படிக் கேட்கலாம் என்று குளிக்கும்போதுகூட வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள். சொல்ல வேண்டி வராமலிருந்தால் தேவலை. அந்தக் கம்பெனி ஆர்டர் போனால் பட்டறை ஓடாது, அவ்வளவுதான், சுற்றி வளைக்க வேண்டியதில்லை. இன்னொருவனைப் பிடிக்கலாம் என்று அவர் சொல்லுவார், சிவன்மலைப் படியில் உட்கார்ந்துகொண்டு சொல்லலாம். ஒருவன் பொய்க்காரர்கள் என்று விட்டுவிட்டால் மற்றவன் எவனும் கேட் பக்கம் வரமாட்டான். பக்கத்துப் பட்டறை அப்படித்தான் போனது, இப்போது அதன் ஷெட்டில் கோழித் தீவனம் அடுக்கியிருக்கிறார்கள், வாசலில் மட்டும் பழைய பெயர்ப் பலகை. அதைத் தாண்டித்தான் தினமும் வருகிறாள். அந்தப் பட்டறைக்காரன் மனைவி போன மாதம் கல்யாண மண்டபத்தில் இவளைப் பார்த்ததும் சேலைத் தலைப்பைச் சரிசெய்கிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நாளைக்கு இவள் திருப்பிக்கொள்ள வேண்டும். ஒரு பொட்டுக்காக. கடவுளே, ஒரு பொட்டுக்காக.

ஏன் வைத்தாள்? அதுதான் விளங்கவில்லை. அணைத்துவிட்டோம் என்று ஊருக்கெல்லாம் சொன்னவளுக்கு அன்று அந்தக் கதவுக்கு முன்னால் போனபோது சொன்னது ஞாபகம் இல்லையா? ஞாபகம் இருந்தது, நன்றாகவே இருந்தது. தட்டத்தோடு புது பாய்லர் வரைக்கும் போய்த் திரும்பத்தான் நினைத்தாள். ஆனால் பின்பக்கத்திலிருந்து அது கிர்ரென்று ஓடுகிற சத்தம் கேட்டது. பூஜைக்கு நிறுத்த வேண்டுமே, அதுகூட நிறுத்தாமல், அவசர ஆர்டர் என்று மத்தியானம் வரைக்கும் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். எல்லாருக்கும் வைத்துவிட்டு அதற்கு மட்டும் இல்லை என்றால், வீட்டில் வேலை செய்கிறவர்களில் ஒருத்தியை மட்டும் விட்டுவிட்டு எல்லாருக்கும் சேலை கொடுத்த மாதிரி இருந்தது. கரண்ட் பகலெல்லாம் இல்லாமல் போன வருஷங்களில், ஜெனரேட்டர் டீசல் குடித்துக் குடித்து மூச்சு விட்டுப் படுத்த காலத்தில், ஊரே சாயம் போட முடியாமல் ஈரத்துணியோடு நின்றபோது, இது ஒன்றுதான் கைவிடவில்லை. கரியைப் போட்டால் எரிந்தது. எரிந்தால் ஆவி தந்தது. மகளுக்குக் கல்யாணம், மாடி வீடு, வீட்டுக்குள் லிப்ட், ரூமுக்கு ஒரு ஏசி, எல்லாம் அந்தக் கதவு வழியாக வந்ததுதான். அதைப் போய்ப் பாவம் என்றால் அவள் ஒப்புக்கொள்ளத் தயாரில்லை.

புது பாய்லர் கடலைத்தொலியும் தேங்காய்த் தொட்டியும் தின்னும். கரியில்லாத பாய்லர், சுத்தமான பாய்லர், அதை வாங்கத்தான் அந்தக் கம்பெனிக்காரன் சொன்னான், வாங்கினார்கள். வெயில் நாளில் நன்றாகத்தான் எரிந்தது. அப்புறம் மழை வந்தது. ஆனியில் எவன் மழையை எதிர்பார்ப்பான், ஆனியில் கொட்டியது, ஆவணியில் கொட்டியது, மூடி வைத்த தொலிக்குள்ளேயே ஈரம் இறங்கிப் பூசணம் பூத்துவிட்டது. ஈரத்தொலி எரியாது, புகையும். ஆவி ஏறாது, சாயம் பிடிக்காது, துணி திட்டுத்திட்டாக வரும். பாய்லர்காரன் மாரப்பன் வந்து நின்றான், “அக்கா, இன்னைக்கு ஒரு நாளைக்குக் கரியைப் போட்டுக்கலாமுங்க” என்று. ஒரு நாள்தான். அப்படியே தினமும் ஒரு நாள். இதில் யார் தப்பு? வானத்தின் தப்பு. பருவம் கெட்டுப்போய்விட்டது, மழை பெய்ய வேண்டிய மாதத்தில் காய்கிறது, காய வேண்டிய மாதத்தில் கொட்டுகிறது. ஏன் கெட்டது என்று கேட்டால்... அதை ஏன் கேட்க வேண்டும். டிவியில் சொல்லுவார்கள், புகையால் என்று. எந்தப் புகை? யாருடைய புகை? அந்த நாட்டுக்காரன் புகை, அவன் தாத்தன் புகை. இவர்களுடைய பட்டறைப் புகை எங்கே போகிறது? மேலே போகிறது. மேலே போய்? மேலே போய் ஒன்றும் இல்லை, கரைந்துவிடுகிறது, வானம் எவ்வளவு பெரிசு. மொட்டை மாடியில் காயப்போட்ட வடகத்தில் கறுப்புப் பொடி விழுந்ததே, அது கரையாத புகை. அதற்குத்தான் மாடியில் காயப்போடுவதையே நிறுத்திவிட்டாளே, பாக்கெட் வடகம் வாங்குகிறாளே, தீர்ந்ததே அந்தப் பிரச்சினை. புகையால் மழை கெட்டு, மழையால் தொலி நனைந்து, தொலி நனைந்ததால் கரி, கரியால் புகை. இதென்ன, செக்கு மாடு மாதிரி அங்கேயே வந்து நிற்கிறது புத்தி. இந்தப் பெண் வந்து நிற்கிற வேளையில் இந்த யோசனையா. பொட்டை யோசி. பொட்டை.

ஷெட்டை விட்டு வெளியே வந்தார்கள். ஐப்பசி பிறக்கப்போகிற நேரம், வெயில் பங்குனி வெயிலாக அடித்தது. சம்பூரணத்துக்குக் கண் இருட்டியது. எதிரே வெட்டவெளி, அதற்கப்பால் ட்ரான்ஸ்பார்மரும் மீட்டர் அறையும், அதற்கும் அக்கட்டால ஷட்டர் போட்ட அந்த அறை. கைப்பேசி அடித்தது. கிட்டுசாமி. “என்னாச்சு அம்மிணி? போயிட்டாளா?” “இல்லீங்க.” “கோயல்ல பூ விழுந்துச்சு. வலப்பக்கம் விழுந்துச்சு. ஒண்ணும் ஆகாது.” “சரிங்க, வெச்சிருங்க” என்று அணைத்தாள். பூ விழுந்ததாம். இவருக்குப் பூ விழும், அவளுக்கு இடி விழும். கடவுளும் அவரைப் போலத்தான், பிரச்சினை நடக்கிற இடத்துக்கு வராமல் மலைமேல் உட்கார்ந்துகொண்டு பூவை மட்டும் போடுகிறார். இப்படி நினைத்ததற்கு அவளே பயந்து கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கௌசிகா திரும்பிப் பார்த்தாள். “ஒண்ணுமில்லீங், கொசு” என்றாள் சம்பூரணம். பொய் அவளுக்கு மூச்சுவிடுகிற மாதிரி வருகிறது, அதையும் கவனித்தாள்.

மீட்டர் அறை வாசலில் கௌசிகா நின்றுவிட்டாள். “நீங்க முன்னாடி போங்க மேடம். இதை ஒரு போட்டோ எடுத்துட்டு வந்துடறேன். சார், நீங்க இந்தக் கதவைக் கொஞ்சம் திறக்கறீங்களா?” தினகரன் சாவிக்கொத்தைத் தடவினான். சம்பூரணத்துக்குத் தன் காதை நம்ப முடியவில்லை. போங்க என்று அவளே சொல்கிறாள். பூ வலப்பக்கம் விழுந்தது நிஜம்தானோ. ஓடக்கூடாது, ஓடினால் தெரிந்துவிடும். எப்போதும் நடக்கிற மாதிரி நட. கால் தன்பாட்டுக்கு வேகமெடுத்தது. செருப்பு வாரில் கல் சிக்கியது, எடுக்காமலே நடந்தாள். இடுப்பிலிருந்து சாவி, பூட்டு, ஷட்டரைப் பாதி தூக்கிக் குனிந்து உள்ளே. உள்ளே இருட்டும் கதகதப்பும். நெருப்பைத் தண்ணீர் ஊற்றி அணைக்கச் சொன்னபோது மாரப்பன் முடியவே முடியாது என்று தலையை ஆட்டிவிட்டான், “உள்ள இருக்கற சுட்ட செங்கல்லு வெடிச்சிருமுங்கக்கா, சாம்பலைப் போத்தி உட்டறன், தானா ஆறிரும்” என்று. தானாக ஆறிக்கொண்டிருந்தது. கழுவின தரை பளபளத்தது. போர்டு தொங்கியது. அதற்குக் கீழே, கரி பிடித்த இரும்புக் கதவில், சந்தனம் சூட்டில் காய்ந்து வெடித்து, நடுவில் குங்குமம், அப்படியே முகம் மாதிரி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

கையைத் தூக்கினாள். கை போகவில்லை. இதென்ன சோதனை, நேரங்கெட்ட நேரத்தில். வைத்த பொட்டைச் சுமங்கலி தன் கையால் அழிக்கக்கூடாது. அவளுடைய அப்பா போன அன்று அம்மாவை நடுவீட்டில் உட்காரவைத்து, இரண்டு பேர் தோளைப் பிடித்துக்கொள்ள, அத்தைக்காரி ஒருத்தி ஈரத்துணியால் நெற்றியைத் தேய்த்தாள், தேய்க்கத் தேய்க்கச் சிவப்பு போகாமல் புருவம் வரைக்கும் இழுவிக்கொண்டு போனது, அம்மா கண்ணை மூடவே இல்லை, சின்னவளாக இருந்த சம்பூரணத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சீ, இது இரும்பு. இரும்புக்கு ஏது நெற்றி. நீ வைத்தாய், நீயே அழிக்கிறாய். மன்னிச்சுக்க சாமி, இவ போகட்டும், நாளைக்கே இதைவிடப் பெருசா வெச்சு உடறன் என்று முணுமுணுத்தபடி, மூலையில் கழுவின தண்ணீர் மிச்சமிருந்த பக்கெட்டில் சேலைத் தலைப்பை நனைத்துத் தேய்த்தாள். சந்தனம் பொருபொருவென்று உதிர்ந்தது. குங்குமம் உதிரவில்லை, இழுவியது. இன்னும் நனைத்தாள், இன்னும் தேய்த்தாள், நகத்தால் சுரண்டினாள், பல்லைக் கடித்துக்கொண்டு, இந்தப் பெண்ணை, அந்தக் கம்பெனிக்காரனை, மலைமேல் இருக்கிற இரண்டு பேரை, ஆனியில் பெய்த மழையை, எல்லாரையும் சேர்த்து வைதுகொண்டே தேய்த்தாள். போய்விட்டது. கறையான தலைப்பைச் சுருட்டி இடுப்பில் செருகினாள். வெளியே செருப்புச் சத்தம் கேட்டது.

கௌசிகா உள்ளே வந்து முதலில் போர்டைப் பார்த்தாள். குழாய் வாயில் வைத்த தகட்டைப் பார்த்தாள், போட்டோ எடுத்தாள். தரையைப் பார்த்தாள். “இதுதான் சித்திரையில நிறுத்தினது, இல்லையா மேடம்?” “ஆமாங்.” “சரி” என்று கருவியில் எதையோ தட்டிவிட்டு ஷட்டர் பக்கம் திரும்பினாள். அவ்வளவுதானா? அவ்வளவுதான். சம்பூரணத்துக்கு அந்தப் பெண்ணைக் கட்டிக்கொள்ளலாம் போலக்கூட வந்தது, டீ வேண்டாமென்றால் இளநீர் வெட்டச் சொல்லலாம், ஊருக்குக் கொண்டுபோக ஒரு நல்ல சேலை, இல்லை, அது வேண்டாம், வாங்க மாட்டாள், சந்தேகப்படுவாள். கௌசிகா நின்றாள். திரும்பினாள். வருஷக்கணக்கில் கரி அப்பிய அந்தக் கறுப்புக் கதவின் நடுவே உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் இரும்பு துடைத்துவிட்ட மாதிரி பளிச்சென்று தெரிந்தது. ஓரத்திலிருந்து இளஞ்சிவப்பாக ஒரு சொட்டுத் தண்ணீர் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. அது கீழே போய்ச் சேருமுன் காய்ந்தும் போயிற்று. கௌசிகா அதைப் பார்த்தாள். அப்புறம் சம்பூரணத்தின் விரல்களைப் பார்த்தாள்.

“இதுக்கும் பொட்டு வெச்சிருந்தீங்களா மேடம்?” என்றாள். சம்பூரணம் கையைப் பின்னால் கொண்டுபோனாள். “தூசியா இருந்துச்சுங், அதான் சும்மா...” “எதுக்கு அழிச்சீங்க?” அடுக்கி வைத்திருந்த பேச்சில் இந்தக் கேள்வியே வரவில்லை. கௌசிகாவின் குரலில் கோபம்கூட இல்லை, அதுதான் தாங்கவில்லை. “எங்க வீட்ல அப்பா ஓட்டின தறி ஒண்ணு கிடக்குது. அப்பா போனதுலேர்ந்து ஓடல. பாதி சாமானைக் கழட்டி வித்தாச்சு. இந்த வருஷமும் எங்கம்மா அதுக்குப் பொட்டு வெச்சு, பொரி வெச்சுக் கும்பிட்டாங்க. பொட்டு இருந்திருந்தா நான் எதுவுமே நெனச்சிருக்க மாட்டேன் மேடம். சோறு போட்டதுக்கு நன்றி சொல்றாங்கன்னு பாத்துட்டுப் போயிருப்பேன்.” கருவியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். “அடுப்புக் கதவைத் திறங்க.”

தினகரன் ஷட்டருக்கு வெளியே நின்று, “கதவு துருப்பிடிச்சு இறுகிருச்சுங்க மேடம், தொறக்க வராது” என்று ஆரம்பித்தான். “நீ சும்மா இரு” என்றாள் சம்பூரணம். கதவுக்கு முன்னால் போய் நின்றாள். அந்த நாட்டுக்காரன், அவன் தாத்தன், அவன் எறிந்த பனியன்கள், நனைந்த தொலி, கரண்ட் இல்லாத வருஷங்கள், நகக்கண்ணில் போகாத நீலம், எல்லாம் தொண்டை வரைக்கும் வந்து நின்றன. அத்தனையும் நிஜம்தான். எதைச் சொன்னாலும் அவளுக்கே நாராசமாகக் கேட்கும் என்று இருந்தது. தறிக்காரன் மகள் என்று முள்ளாக நினைத்தாளே, அந்தப் பெண் இவளை இவள் நினைத்ததைவிட நல்லவளாக அல்லவா நினைத்திருக்கிறாள். நன்றி சொல்கிறாள் என்று நினைத்திருப்பாளாம். நன்றிதான் சொன்னாள். அது ஒன்றுதான் இந்த அறையில் நிஜமாக இருந்தது, அதைத்தான் துடைத்துப் போட்டாள். இந்த முறை யாரை வைவது என்று அவளுக்குத் தெரியவில்லை. மறுபடியும் கைப்பேசி அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. சிவந்த விரலால் கொக்கியைத் தூக்கிக் கதவை இழுத்தாள். சூடு முதலில் அவள் முகத்தில்தான் அடித்தது. உள்ளே, மாரப்பன் போர்த்திய சாம்பலுக்கு அடியில், கங்கு சிவப்பாகவே கிடந்தது.